தாடை மூட்டு வலியும் மனத்துயரும்: எந்தச் சிகிச்சை முதலில்?

கொட்டாவி விடும்போது காதருகே ‘டக்’ என்ற ஒலி, காலையில் எழும்போது கன்னத்தில் இறுக்கம், உணவை மெல்லும்போது நெற்றிப்பொட்டில் வலி, வாயை முழுமையாகத் திறக்க இயலாமை ஆகியவை தாடை மூட்டுக் கோளாறின் பொதுவான அறிகுறிகள். இவற்றுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், அதற்கு முன்பே பல மருத்துவர்களைப் பார்த்தவர்களாக இருக்கின்றனர். காது வலி என எண்ணிக் காது மருத்துவரிடமும், பல் வலி என எண்ணிப் பல் மருத்துவரிடமும் சென்றிருப்பர். சிலர் கேடற்ற பல்லையே பிடுங்கிக்கொண்டிருப்பர். வேறு சிலர், ‘படத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்ற சொல்லைக் கேட்டு மனம் நொந்திருப்பர்.

இவ்விரு இழப்புகளையும் தவிர்க்க முடியும். தாடை மூட்டு வலிக்கு இன்று எத்தனையோ சிகிச்சைகள் கூறப்படுகின்றன. அவற்றில் எவை நன்கு பயனளிப்பவை, எவை குறைந்த பயனுள்ளவை, எவை தீங்கு தரக்கூடியவை என்பதையும், அவ்வலியுடன் பின்னிக் கிடக்கும் மனத்துயரை எவ்வாறு அணுகுவது என்பதையும் இப்பாடத்தில் விளக்குகிறோம்.

மூட்டின் அமைப்பு

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் அசைவை உணரலாம். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் குமிழ் போன்ற முனை, மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள குழியில் பொருந்தியுள்ளது. இரண்டுக்கும் இடையே மெத்தை போன்ற ஒரு வட்டு அமைந்துள்ளது. வாயைத் திறக்கும்போது இம்மூட்டு கதவின் கீல்போல் சுழல்கிறது. அத்துடன் முன்னோக்கிச் சறுக்கவும் செய்கிறது. வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால், ஒன்று இயங்கினால் மற்றொன்றும் இயங்கியே தீரும்.

கோளாறுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மெல்லும் தசைகளில் ஏற்படும் வலி முதல் வகை; மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. வட்டு தன் இடத்திலிருந்து நழுவுவது இரண்டாம் வகை. ஒலியும் சில வேளைகளில் வாய் பூட்டிக்கொள்வதும் இதனால் நேரும். மூட்டுத் தேய்மானமும் அழற்சியும் மூன்றாம் வகை. ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கக்கூடும். வலியோ தடையோ இன்றி ஒலி மட்டும் கேட்குமாயின் சிகிச்சை தேவையில்லை. நலமாக உள்ள பலருக்கும் அவ்வொலி உண்டு.

தருமபுரி மாவட்டத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஐயம் ஒன்று உண்டு: ‘எங்கள் ஊர்த் தண்ணீரால் பல் பழுப்பேறியிருக்கிறதே, தாடை வலியும் அதனால்தானா?’ இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது உண்மை. அதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுதியாக உடலில் சேர்ந்தால் பற்சிப்பி நிறம் மாறும். அக்கறை மட்டுமே தாடை மூட்டு வலிக்குக் காரணமாவதில்லை. ஆகவே, கறைபடிந்த பற்களைப் பிடுங்கினால் இவ்வலி தீரும் என்று எவரும் எண்ண வேண்டா.

வலியும் மனமும்

1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், காதடைப்பு, காதிரைச்சல், முகவலி ஆகியவற்றைத் தாடை மூட்டுடன் தொடர்புபடுத்தி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தோருக்குத் தாடை பின்னோக்கி அழுந்துவதே காரணம் என்று அவர் கருதினார். அதன் பின் பல பத்தாண்டுகள், பல் வரிசையைச் சரிசெய்வதே தீர்வு என்ற கருத்து மேலோங்கியிருந்தது. அக்கருத்தால் எண்ணற்றோரின் நல்ல பற்கள் தேய்த்துச் சீராக்கப்பட்டன.

பின்னர் நடந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. 2014-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நோயறி வரையறை, தாடை மூட்டு நோயாளரை இரண்டு அச்சுகளில் மதிப்பிடச் சொல்கிறது. முதல் அச்சு மூட்டையும் தசையையும் பற்றியது. இரண்டாம் அச்சு வலியின் கடுமை, அன்றாட வாழ்வுக்கு நேர்ந்த இடையூறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றைப் பற்றியது. எனவே, உங்கள் உறக்கத்தைப் பற்றியும் கவலைகளைப் பற்றியும் மருத்துவர் கேட்பது முறையான பரிசோதனையின் ஒரு பகுதி. ‘என் வலியை இவர் நம்பவில்லை’ என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இத்தொடர்பை ஆராய அமெரிக்காவில் நான்கு இடங்களில் 2006-ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. தாடை மூட்டுக் கோளாறு இல்லாத 2,737 பேரைத் தேர்ந்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் 260 பேருக்கு அக்கோளாறு புதிதாகத் தோன்றியது. தொடக்கத்திலேயே மனஅழுத்தமும் மனவாட்டமும் மிகுந்தவர்களுக்கு அது தோன்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உடலின் பிற இடங்களில் பல தொல்லைகள் இருந்தவர்களுக்கும், நோய் தோன்றுமுன் உறக்கம் கெட்டவர்களுக்கும் அவ்வாறே இருந்தது.

இதன் காரணம் விளங்காததன்று. கவலையில் உள்ளவர் தம்மை அறியாமலே பற்களை இறுகக் கடிக்கிறார். தசை ஓய்வின்றி இழுபடுகிறது. உறக்கம் குறையும்போது, வலியைத் தணிக்கும் மூளையின் இயல்பான ஆற்றலும் குறைகிறது. மறுபுறம், வலியே துயரைத் தருகிறது. விருந்தில் பிறருடன் அமர்ந்து உண்ண இயலாமை, பேசும் தொழிலில் இருப்பவர் பேச அஞ்சுதல், ‘புற்றுநோயாக இருக்குமோ’ என்ற இரவு நேர அச்சம் ஆகியவை மனத்தை அரிக்கின்றன. மழை பொய்த்த ஆண்டின் கடனோ, வேலைக்குப் பெங்களூரு சென்ற குடும்பத்தலைவரின் பிரிவோ ஏற்கெனவே அழுத்தும் இல்லத்தில் இச்சுமை மேலும் கனக்கிறது. வலி துயரை வளர்க்க, துயர் வலியை வளர்க்கிறது. இச்சுழலை எந்தப் பக்கத்திலிருந்து தளர்த்தினாலும் மறுபக்கமும் தளரும். மனம் வலியைக் கூட்டுகிறது என்பதால் அவ்வலி பொய்யாகிவிடாது.

முதலில் விலக்க வேண்டிய நோய்கள்

தாடையில் வலி என்றதும் மூட்டுக் கோளாறு என்று முடிவுகட்டலாகாது. கீழ்க்காணும் நிலைகளை முதலில் ஆராய வேண்டும்.

நடக்கும்போதோ பளு தூக்கும்போதோ தாடை வலித்து, அத்துடன் நெஞ்சழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கை வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பாக்கு, பான் மசாலா, குட்கா ஆகியவற்றை மெல்லும் பழக்கமுடையோருக்கு வாயின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகி, வாய்த் திறப்பு மெல்ல மெல்லக் குறையும்; காரம் பட்டால் எரியும். இது வாய்ச் சளிப்படல நார்ப்பெருக்கம், புற்றுநோயாக மாறக்கூடியது. இதனைத் தாடை மூட்டு வலி என்று கருதிக் காலம் கடத்துவது ஆபத்து. பழக்கத்தை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரையோ வாய்நோய் வல்லுநரையோ காண வேண்டும்.

அண்மையில் காயம்பட்டவருக்குத் தாடை இறுகி, விழுங்கவும் முடியாமற்போனால் அது இரணஜன்னியாக இருக்கக்கூடும். மின்சாரம் பாய்ந்தாற்போன்ற நொடிநேர வலி முக நரம்பைச் சார்ந்ததாகலாம். 50 வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிய தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; காலம் தாழ்த்தினால் பார்வை பறிபோகலாம். காய்ச்சலுடன் கூடிய வீக்கம், ஆறாத வாய்ப்புண், கழுத்துக் கட்டி, காரணமற்ற எடைக்குறைவு, திறந்த வாய் மூட முடியாத நிலை ஆகிய எதற்கும் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்க வேண்டா.

சிகிச்சைகளை ஒப்பிடுவோம்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு, 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. 153 ஆய்வுகளில் பங்கேற்ற 8,713 நோயாளரின் முடிவுகள் அதற்காக ஒருங்கே ஆராயப்பட்டன. மருத்துவர்களுடன் நோயாளரும் அக்குழுவில் இடம்பெற்றனர். அதன் முடிவுகளை எங்கள் அனுபவத்துடன் சேர்த்துக் கீழே தருகிறோம்.

*முதலில் செய்யத்தக்கவை.* அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் கைகளால் தாடையை இயக்கும் இயன்முறைச் சிகிச்சை, தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துதல், மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியும் கழுத்து நிலைப் பயிற்சியும், நோயைப் பற்றிய விளக்கத்துடன் கூடிய வீட்டுப் பயிற்சி ஆகியவற்றை நெறிக்குழு உறுதியாகப் பரிந்துரைத்தது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தளர்வுப் பயிற்சியுடனோ உடலியக்கப் பின்னூட்டப் பயிற்சியுடனோ சேர்த்துப் பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 36 பேர் கூடுதலாக உணரத்தக்க வலித்தணிவு பெற்றனர். கைகளால் தாடையை இயக்கும் சிகிச்சையிலும் அதே அளவு பயன் கிடைத்தது. வீட்டுப் பயிற்சியையும் விளக்கத்தையும் உள்ளடக்கிய எளிய சிகிச்சையும் 100-க்கு 23 முதல் 30 பேர் வரை பயன் தந்த வரிசையில் இடம்பெற்றது. இவை அனைத்திலும் வெட்டும் இல்லை, ஊசியும் இல்லை.

*ஆராய்ந்து தேர்வு செய்யத்தக்கவை.* வலி புதிதாகத் தொடங்கியபோது இபுபுரூஃபன் போன்ற அழற்சி நீக்கி மாத்திரைகளைச் சில நாள்களுக்குத் தரலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் குறைபாடு, இதயநோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது. நாட்பட்ட வலியில், அவற்றை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையுடன் சேர்த்துத் தருவதும், அக்குபங்சரும் சிலருக்குப் பயன்படலாம் என்பது நெறிக்குழுவின் கருத்து.

*எதிர்பார்த்த பயன் உறுதிப்படாதவை.* இரவில் அணியும் ஸ்பிளிண்ட் எனப்படும் பல்தகட்டை நம்மவர் பலரும் முதல் சிகிச்சையாகக் கேட்கின்றனர். பற்கள் தேய்வதைத் தடுக்க அது உதவலாம். ஆயினும் நாட்பட்ட மூட்டு வலியைத் தணிப்பதில் அதன் பயன் உறுதிப்படவில்லை. ஆகவே நெறிக்குழு அதனைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. லேசர் ஒளி, மின்தூண்டல், போடாக்ஸ் ஊசி, மூட்டுக்குள் இடும் ஹைலுரோனிக் அமில ஊசி, ஸ்டீராய்டு ஊசி, கேபாபென்டின் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதே மதிப்பீடுதான். மூட்டினுள் நீர் செலுத்திக் கழுவும் முறையையும் நாட்பட்ட வலிக்கு வழக்கமான சிகிச்சையாக அக்குழு ஏற்கவில்லை. திடீரென வாய் பூட்டிக்கொண்ட சிலருக்கு அதனை வல்லுநர் தனியே பரிசீலிப்பதுண்டு. உறக்க மாத்திரை வகைகள் விரைவில் பழக்கத்தை உண்டாக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

*தவிர்க்க வேண்டியவை.* பல் வரிசையை நிரந்தரமாக மாற்றிவிடும் தகடுகள், வட்டை அறுத்தெடுக்கும் அறுவை, அழற்சி நீக்கிகளுடன் அபின் வகை வலிநிவாரணிகளைச் சேர்த்துத் தருதல் ஆகிய மூன்றையும் நெறிக்குழு உறுதியாக மறுத்தது. 1980-களில் அமெரிக்காவில், அறுத்தெடுத்த வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகள் பொருத்தப்பட்டன. அவை உடைந்து துகளாகி, சுற்றியிருந்த எலும்பை அரித்தன. 1990-இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அவற்றை அகற்றிய பிறகும் பலர் வாழ்நாள் வலிக்கு உள்ளாயினர். மீட்க முடியாத ஒன்றைச் செய்யுமுன் மீட்கக்கூடிய அனைத்தையும் முயன்று பார்க்க வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் இத்தகைய விலை கொடுத்தே கற்றது.

எலும்பு முறிவு, கட்டி, மூட்டு எலும்புகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை இன்றியமையாதது. அவை இவ்வொப்பீட்டுக்கு அப்பாற்பட்டவை.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் சிலர் தயங்குகின்றனர். இது உளவியலாளரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ, பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகச் சில அமர்வுகளில் கற்பிக்கும் ஒரு பயிற்சி. எந்த வேளையில் பற்களைக் கடிக்கிறோம் என்று நோயாளரே குறித்து வருகிறார். ‘இவ்வலி ஒருநாளும் தீராது’ என்பது போன்ற எண்ணங்கள் எழும்போது தசை எவ்வாறு இறுகுகிறது என்று காண்கிறார். மூச்சை மெதுவாக இழுத்துவிட்டுத் தசைகளைத் தளர்த்தவும், வலிக்கு அஞ்சி நிறுத்திய வேலைகளைப் படிப்படியாகத் தொடங்கவும், உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்தவும் பழகுகிறார்.

கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாள்களில் மனவாட்டம், எதிலும் ஈடுபாடின்மை, அடக்க முடியாத கவலை ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் எனில், தாடைக்கான சிகிச்சையுடன் மனநல மருத்துவரின் ஆலோசனையும் தேவை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தேவைப்பட்டால் அவற்றை முறையாக உட்கொள்ளலாம். அவற்றுள் சில வகைகள் சிலருக்குப் பற்கடிப்பைக் கூட்டுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றலாம்.

அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல் அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

ஆறு வார வீட்டுப் பயிற்சி

தாடையின் ஓய்வு நிலையைப் பழகுங்கள். உதடுகள் மூடியிருக்க, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொடாதிருக்க, நாவின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே அண்ணத்தில் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். கோயில் மணி, பேருந்து ஒலிப்பான், கைப்பேசி என எது ஒலித்தாலும், ‘பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?’ என்று ஒருமுறை நோக்குங்கள். இப்பழக்கத்துக்குச் செலவில்லை.

நாவை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு 6 முறை, நாளொன்றுக்கு 4 அல்லது 5 வேளை போதும். வலி மிகுந்தால் நிறுத்துங்கள். சூடான ஈரத்துணியைக் கன்னத்தில் 15 நிமிடம் ஒற்றுங்கள். கொட்டாவி வரும்போது முட்டியால் தாடையைத் தாங்குங்கள். கையில் தாடையை ஊன்றி அமர்வதையும், தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிப் பேசுவதையும், குப்புறப் படுப்பதையும் விட்டுவிடுங்கள்.

உணவில் நம் மாவட்டத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. கேழ்வரகுக் களி மெல்லத் தேவையின்றி விழுங்கத்தக்கது; சத்தும் மிகுந்தது. களி, கூழ், இட்லி, குழைந்த சோறு, பருப்புக் கடைசல், வேகவைத்த முட்டை ஆகியவை வலி மிகுந்த நாள்களுக்கு ஏற்றவை. கரும்பு, முறுக்கு, கடலை உருண்டை, நாரான இறைச்சி, வெற்றிலைபாக்கு, சூயிங்கம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மாம்பழத்தை முழுதாகக் கடிக்காமல் துண்டாக நறுக்கி உண்ணலாம். வலி குறையக் குறைய வழக்கமான உணவுக்குத் திரும்ப வேண்டும். நெடுநாள் கூழுணவிலேயே இருந்தால் தசை வலுவிழக்கும்.

குடும்பத்தாருக்கு

‘எல்லாம் உன் கற்பனை’ என்ற சொல் வலியைவிட ஆழமாகப் புண்படுத்தும். மாறாக, எந்நேரமும் வலியைப் பற்றியே கேட்பதும், எல்லா வேலைகளையும் நீங்களே செய்துவிடுவதும் நோயாளரை மேலும் முடக்கும். வலி உண்டு என்று ஏற்றுக்கொண்டு, பயிற்சி வேளையை நினைவூட்டி, உறங்கும் நேரத்தைக் காத்துக் கொடுங்கள். மருமகளோ மாணவரோ பேசத் தயங்கும் கவலை இருப்பின், அவர் மருத்துவருடன் தனியே பேச இடம் கொடுங்கள்.

சேலத்துக்கோ பெங்களூருக்கோ சென்று பெருந்தொகை செலவிடுமுன் அம்மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் வலி தசையினதா, வட்டினதா, மூட்டினதா? இச்சிகிச்சையை வேண்டாமெனில் மீட்க முடியுமா? எத்தனை வாரங்களில் பயன் தெரியும்? இதைச் செய்யாவிட்டால் என்ன நேரும்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை பல்லைத் தேய்க்கவோ பிடுங்கவோ மூட்டை அறுக்கவோ இசைய வேண்டா.

எளிய சிகிச்சையிலேயே சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பலர் நலமடைகின்றனர். இடையிடையே வலி மீண்டும் தலைகாட்டலாம். அப்போது முதல் வாரப் பயிற்சிக்குத் திரும்பினால் போதும். வலியின் அளவு, உறங்கிய நேரம், வாய்த் திறப்பு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிந்தால் வாய்த் திறப்பு பெரும்பாலும் இயல்பானது. ஆறு வாரங்களுக்குப் பின்னும் முன்னேற்றம் இல்லையெனில் அக்குறிப்பேட்டுடன் வாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதைப் பார்த்துச் சேர்ந்தே முடிவு செய்வோம்.